விடுதிக் கட்டிலும் புலமைப்பரிசில்தான்

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளை மகாபொலப் புலமைப்பரிசிலுக்கோ உதவுதொகைக்கோ விண்ணப்பிக்கும்போது தகப்பனின் வருமானத்தைக் கேட்கிறார்கள். கிராம சேவகரின் உறுதிப்படுத்தலைக் கேட்கிறார்கள். வீட்டில் இன்னும் எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்கிறார்கள். விடுதி வேண்டுமென்றால் வீட்டுக்கும் வளாகத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். அம்பாறைக் கரையோரத்து வினாயகபுரத்தில் கூலித் தொழிலாளி ஒருவரின் மகளையும் கொழும்பில் பெரிய உத்தியோகம் பார்க்கும் ஒருவரின் மகளையும் ஒரே கணக்கில் வைக்கக் கூடாது என்பதற்காகவே கேட்கப்படுகின்றன. ஆனால் அந்தப் பிள்ளை இரவில் எப்படி மூச்சு விடுகிறாள் என்று, உதவியைத் தீர்மானிக்கும் இடத்தில் எவரும் கேட்பதில்லை. பதிவின்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் 'ஆஸ்துமா' என்ற ஒரு சொல் எழுதப்படலாம். அந்தச் சொல் சுகாதார நிலையத்துக் கோப்பை விட்டு விடுதி அறை ஒதுக்கும் மேசைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

பிள்ளைகளின் நிலைமையைப் பார்த்து ஒதுக்கீடு செய்வது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பெரும்பாலான பாடநெறிகளுக்கு அனுமதி 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகிறது. அந்தப் பதினாறில் அம்பாறையும் ஒன்று. பிறந்த மாவட்டம் காரணமாக ஒரு பிள்ளை பின்னால் நிற்கக் கூடாது என்று அரசு எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. நெஞ்சில் ஒரு நோய் உள்ள காரணத்தாலும் பின்னால் நிற்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்ளச் சொல்லித்தான் இப்போது கேட்கிறேன்.

எங்கள் அம்பாறைக் கரையோரத்தில் ஆஸ்துமாவுக்கு முட்டு என்றே பேச்சு. "புள்ளைக்கு ராவெல்லாம் முட்டு" என்று ஒரு தாய் சொன்னால் கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. திருக்கோவிலை அடுத்த வினாயகபுரம் போன்ற கிராமங்களில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். பெரும்போக அறுவடைக்கு வெட்டு மெசின் வயலில் இறங்கும் நாட்களில் பதரும் தூசும் வீட்டு முற்றம் வரை வரும். பின்னால் வைக்கோல் எரிக்கும் புகை வரும். ஆடி மாதத்தில் கச்சான் காற்று வறண்டு அடிக்கும். மாரியில் வாடைக்காற்றும் சுவர் ஈரமும் சேர்ந்து மூலைகளில் பூஞ்சணம் பூக்கும். அரிசி ஆலைகள் உள்ள ஊர்களில் உமித்தூசுக்குக் காலமே கிடையாது. இவற்றில் ஏதோ ஒன்று பட்டவுடன் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சளி திரள்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உள்ளே போன காற்று வெளியே வர வழியின்றி நெஞ்சுக்குள் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகெங்கும் 262 மில்லியன் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அந்த ஓராண்டில் 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் இறந்தார்கள். வைத்தியம் தெரிந்த, மருந்து கைவசம் உள்ள ஒரு நோயில் இத்தனை சாவு.

வீட்டில் இருக்கும் வரை இந்தப் பிள்ளைக்கு ஒரு காவல் உண்டு. இருமலின் சத்தத்தைக் கேட்டே இது தடிமல் இருமலா, முட்டு வரப்போகிற இருமலா என்று தாய்க்குத் தெரியும். எந்தத் தலையணை ஒத்துவராது, எந்த நாளில் பனிக்குள் விடக் கூடாது, மருந்தை உள்ளிழுக்கும் பம்மில் எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் அவள் மனதில் இருக்கும். எந்த நேரமானாலும் பக்கத்து வீட்டு ஓட்டோவைத் தட்டி எழுப்பி வைத்தியசாலைக்கு ஓடலாம். பத்தொன்பது, இருபது வயதில் அந்தப் பிள்ளை பெட்டியோடு விடுதிப் படியேறும் நாளில் அந்தக் காவல் முழுவதும் ஒரே நாளில் நின்றுபோகிறது. அதன் இடத்தில் வேறு எதுவும் வைக்கப்படுவதில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு அருகில் ஒரு பல்கலைக்கழகம் இல்லாமல் இல்லை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அப்போது அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் இருக்கிறது. ஆனால் அங்கே இடம் கிடைப்பது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியையும் பாடத்தையும் பொறுத்தது. ஒருத்தி மட்டக்களப்பின் வந்தாறுமூலைக்குப் போவாள், இன்னொருத்தி யாழ்ப்பாணம் போவாள், ஒருவன் பேராதனையின் மலைக்குளிருக்குப் போவான். ஒலுவிலே கிடைத்தாலும் வயலும் கடலும் சூழ்ந்த அதே காற்றுத்தான். அதோடு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வரும் சிங்கள மாணவர்களும் படிக்கிற வளாகம் அது. எந்த ஊர்ப் பிள்ளைக்கும் எந்த விடுதியிலும் இந்தப் பிரச்சினை ஒன்றே.

விடுதி அறையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல தொகுதி மாணவர்கள் படுத்தெழுந்த மெத்தை. வெயில் காணாத அந்த மெத்தைக்குள் கண்ணுக்குத் தெரியாத தூசுச் சிற்றுண்ணிகள் பெருகியிருக்கும். மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அவற்றுக்கு உணவு. ஈரமான காற்றுத்தான் அவற்றுக்கு உயிர். விரிப்பையும் தலையணை உறையையும் 60 பாகை வெந்நீரில் துவைத்தால் அவை சாகும். விடுதிப் பிள்ளை பச்சைத் தண்ணீரில் வாளியில் ஊறப்போட்டு அலசுகிறாள். கட்டிலுக்கு மேலே சுவரில் ஈரம் கசிந்த கறுப்புத் திட்டு. காலையில் ஒருத்தி விளக்குமாற்றால் உலர்தரையைக் கூட்டுவாள். மற்றவள் தலைக்கு வாசனைத் தெளிப்பான் அடிப்பாள். யாரையும் குறை சொல்ல முடியாது. நான்கைந்து பேர் ஓர் அறையில் வாழ்வது அப்படித்தான். முட்டு உள்ள பிள்ளைக்கு மாத்திரம் அந்த அறை ஒவ்வொரு இரவும் ஒரு சோதனை.

நுளம்புச்சுருளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எவரும் புகையாகவே கருதுவதில்லை. ஒரு நுளம்புச்சுருள் முழுவதும் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 வரையான சிகரெட்டுகள் எரிந்ததற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. யன்னலை மூடிய அறையில் இரவு முழுவதும் அது எரிகிறது. டெங்கு உள்ள நாட்டில் நுளம்பை விட்டுவிடு என்று சொல்ல முடியாது. அதனால் விடுதியில் ஒவ்வொரு கட்டிலுக்கும் நுளம்பு வலை கொடுங்கள், யன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள் என்பதே சரியான பதில். ஒரு வலையின் விலையை எண்ணித் தயங்கும் நிர்வாகம் ஒரு மாணவியை ஒருமுறை அவசர சிகிச்சைக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவையும் எண்ணிப் பார்க்கட்டும்.

இத்தனைக்கும் நடுவே பிள்ளைகள் நோயை மறைக்கிறார்கள். இதற்குப் பெற்றோரும் பொறுப்பு. பெண் பிள்ளைக்கு முட்டு இருக்கிறது என்று ஊரில் பரவினால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் தடை வரும் என்ற பயம் தமிழ் வீடுகளிலும் இருக்கிறது, முஸ்லிம் வீடுகளிலும் இருக்கிறது. "ஃபோர்ம்ல அத எழுதாத மனே" என்று சொல்லி அனுப்பும் தாய்மார் உண்டு. ஆண் பிள்ளைகளுக்கு வேறொரு பயம். பம்மை எடுத்து வாயில் வைத்தால் சீனியர்மார் பட்டப்பெயர் வைப்பார்கள்.

பகிடிவதை என்றால் பட்டப்பெயரோடு முடியாது. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையில் கடுமையான உடற்பயிற்சிகள் செய்விக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. நோயே இல்லாத இளைஞனுக்கு அந்தக் கதி என்றால், வெறும் ஓட்டத்திலேயே மூச்சுக்குழாய் சுருங்கிவிடும் பிள்ளையை இரவில் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதும், நிலத்தில் கை ஊன்றி எழும்பவைப்பதும் கொலைக்கு ஒப்பான செயல். இதைச் செய்யும் சீனியர் மாணவருக்கும் அவருடைய பெற்றோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். மணி ஒன்றரை. மாரி மழை. ஒரு பெண்கள் விடுதியின் இரண்டாம் மாடியில் ஒருத்தி எழுந்து உட்கார்ந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்கிறாள். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. பம்மை அழுத்தினால் காற்றுத்தான் வருகிறது. மருந்து எப்போதோ முடிந்துவிட்டது. அறைத் தோழிகளில் ஒருத்தி காலியிலிருந்து வந்தவள், மற்றவள் பதுளை. இவள் சொல்லவருவது அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் முதுகைத் தடவுகிறார்கள், சுடுதண்ணீர் கொடுக்கிறார்கள். விடுதிக் கதவு பூட்டியிருக்கிறது. திறப்பு காப்பாளரிடம். காப்பாளரின் இலக்கம் யாரிடமும் இல்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும் என்பது அந்த நேரத்தில் எவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

இப்படியான இரவுகள் எப்படி முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. பிரித்தானியாவில் ஆஸ்துமாவால் நேர்ந்த 195 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இறந்தவர்களில் 45 வீதமானோர் வைத்திய உதவியை நாடாமலோ, அவசர சிகிச்சை கிடைப்பதற்கு முன்னரோ இறந்திருந்தார்கள். வைத்தியம் இவ்வளவு வளர்ந்த நாட்டிலேயே கிட்டத்தட்டப் பாதிப் பேர் வைத்தியரிடம் போய்ச் சேரவில்லை. முதல் அரை மணி நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது. விடுதியில் பக்கத்தில் இருப்பவள் அறைத் தோழி.

அவளுக்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை. நோயாளியைப் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். நீலநிறப் பம்மைக் குலுக்கி, பம்முக்கும் வாய்க்கும் இடையே வைக்கும் குழலான ஸ்பேசரில் பொருத்தி, ஒரு முறை அழுத்தி நான்கு மூச்சு எடுக்கவிட வேண்டும். இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பொறுத்தும் குறையவில்லையென்றால் அம்பியூலன்சை அழைத்துவிட்டு மறுபடியும் நான்கு முறை கொடுக்க வேண்டும். ஸ்பேசர் இல்லையா? அரை லீற்றர் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் போதும். அடிப்பக்கத்தில் பம்மின் வாய் இறுக்கமாகப் புகும் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியை ஒட்டுநாடாவால் மூடி, போத்தலின் வாயை நோயாளி தன் வாயில் வைத்து மூச்செடுக்க வேண்டும். இது கைவைத்தியமல்ல. தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் குழந்தைகளிடம் பரிசோதித்து, விலைகொடுத்து வாங்கும் ஸ்பேசருக்கு நிகராக வேலை செய்கிறது என்று 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒவ்வொரு விடுதித் தளத்திலும் இப்படி ஒரு ஸ்பேசரும், புதிய நீலப் பம் ஒன்றும், மூன்று மொழிகளிலும் எழுதிய ஒரு தாளும் சுவரில் தொங்கினால் என்ன நட்டம்? முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான அறிமுக வாரத்தில் சுகாதார நிலைய வைத்தியர் இதை ஒரு மணி நேரத்தில் செய்துகாட்டிவிடலாம்.

மருந்தைப் பற்றியும் ஒரு விடயம். நம் பிள்ளைகளில் பலர் நீலப் பம்மை மட்டுமே மருந்து என்று நம்புகிறார்கள். அது இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தை ஆற்றுவது நாளாந்தம் எடுக்கும் ஸ்டீரொய்ட் பம். நீலப் பம்மை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டிக் குழுவான ஜினா 2019 முதல் சொல்லிவருகிறது. ஓராண்டில் நீலப் பம் மூன்றோ அதற்கு மேலோ முடிகிறதென்றால் அதுவே ஆபத்துக்கு அறிகுறி. இந்த இரண்டு பம்மும் நம் அரச வைத்தியசாலைக் கிளினிக்குகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டியவை. இலவச மருத்துவம் நமக்குப் பெரிய வரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கிளினிக் கொப்பி திருக்கோவில் வைத்தியசாலையில், பிள்ளை யாழ்ப்பாணத்தில். கிளினிக் வார நாளில். பரீட்சை எழுத 80 வீத வரவு வேண்டும். இரவு முழுவதும் மூச்சுக்குப் போராடியவள் காலை எட்டு மணி விரிவுரைக்குப் போகாவிட்டால் வரவு குறைகிறது. கிளினிக்குக்கு ஊருக்குப் போனால் இரண்டு மூன்று நாள் குறைகிறது. வைத்தியச் சான்றிதழ் பெற்றுக் கொடுத்தால் அது ஏற்றுக்கொள்ளப்படும் வரை அலைய வேண்டும். ஆகவே பெரும்பாலானோர் கிளினிக்கை விட்டுவிடுகிறார்கள். நீலப் பம்மை மட்டும் பாமசியில் சொந்தக் காசுக்கு வாங்குகிறார்கள். பெரியவர்களின் ஏற்பாட்டில் உள்ள ஓட்டைதான் பிள்ளையை இந்தப் பிழையான வைத்தியத்துக்குத் தள்ளுகிறது. பல்கலைக்கழகச் சுகாதார நிலையமே இந்த மாணவர்களைப் பதிவுசெய்து, அருகிலுள்ள அரச வைத்தியசாலையோடு பேசி, மாதாந்த மருந்தை வளாகத்திலேயே கொடுத்தால் இந்த அலைச்சல் அத்தனையும் தீரும்.

இனிப் பணம். அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி கொண்டுவந்த மகாபொல, 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் நிதியமாக அமைந்தது. ஏழைப் பிள்ளைகள் பட்டதாரிகளாவதற்கு அது செய்த உதவியை நன்றியோடு சொல்ல வேண்டும். 2025 வரவுசெலவுத் திட்டம் மகாபொலவை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகவும் உதவுதொகையை 4,000 ரூபாயிலிருந்து 6,500 ஆகவும் கூட்டியது. நல்லது. ஆனால் சாப்பாடும் போட்டோக் கொப்பியும் பஸ் கட்டணமும் போக அதில் மிஞ்சுவது என்ன? இரண்டு பம்மையும் சொந்தக் காசுக்கு வாங்கும் பிள்ளை, காசு பிந்துகிற மாதத்தில் முதலில் எதைக் குறைப்பாள்? ஸ்டீரொய்ட் பம்மைத்தான். அதை நிறுத்திய அன்றே ஒன்றும் ஆகாது. மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு மழை இரவில் அது கணக்குக் கேட்கும். நீண்டகால நோயுள்ள மாணவருக்கு, வைத்தியரின் உறுதிப்படுத்தலோடு, உதவித்தொகைக்கு மேலாகச் சிறியதொரு மாதாந்த மேலதிகப் படி வேண்டும். ஆஸ்துமாவுக்கு மட்டும் கேட்கவில்லை. நீரிழிவு, வலிப்பு, தலசீமியா உள்ள பிள்ளைகளும் இதே விடுதிகளில்தான் இருக்கிறார்கள்.

இது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவில் 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டமும் 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் கல்லூரிகளைக் கட்டுப்படுத்துகின்றன. 2008இல் செய்த திருத்தம் மூச்சு விடுவதை வாழ்வின் முக்கியச் செயல்களில் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. இடையிடையே வந்துபோகும் நோயை, அது வந்திருக்கும் நேரத்து நிலையைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்றும் சொன்னது. ஆஸ்துமாவுக்கு அளந்து தைத்ததுபோன்ற வரி அது. அங்கே மாணவர் ஒருவர் வைத்தியரின் கடிதத்தோடு தூசு குறைந்த அறையோ தனியறையோ கேட்க முடியும். ஆஸ்துமா உள்ள மாணவருக்கென்றே மருத்துவச் சங்கங்களும் மருந்து நிறுவனங்களும் புலமைப்பரிசில் நடத்தியதும் உண்டு. அவர்களிடமுள்ள குளிரூட்டிய தனியறையை நாம் கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் யன்னலோரமாக ஈரமில்லாத ஓர் இடம், உறையிட்ட புது மெத்தை, நுளம்பு வலை, புகைக்காத அறைத் தோழர்கள். இவற்றுக்குச் சட்டம் தேவையில்லை. உபவேந்தர் ஒருவரின் சுற்றறிக்கை போதும்.

நம் நாட்டிலும் காற்றைப் பற்றி அக்கறை வந்த நாள் ஒன்று உண்டு. 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசு எல்லை மீறியதால் நாடு முழுவதும் பாடசாலைகளை மூடினார்கள். காற்றுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடலாம் என்று ஒரு நாளாவது தோன்றியது. அந்த அக்கறை, ஆண்டு முழுவதும் அதே அறைக்குள் உறங்கி எழும் விடுதி மாணவர் பக்கமும் திரும்ப வேண்டும்.

அரசு அசையும் வரை ஊர் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் கரையோர ஊர்களில் ஸகாத் திரட்டி உதவும் பைத்துஸ்ஸகாத் நிதிகள் உண்டு. கோயில் அறங்காவலர் சபைகளும் பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டில் உழைக்கும் எங்கள் பிள்ளைகளின் அமைப்புகளும் உண்டு. ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவர்களுக்கு மேடை போட்டு, மாலை போட்டு, மடிக்கணினி கொடுக்கிறார்கள். அந்த வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம், மேடைக்கு வெளியே, இரகசியம் காத்து ஒரு கேள்வி கேளுங்கள்: நீண்டகால நோய் ஏதும் உண்டா? உண்டென்றால் மெத்தை உறை, வலை, ஸ்பேசர், ஓராண்டுக்கான மருந்துச் செலவு என்று கொடுங்கள். படத்தில் விழாத உதவி இது. ஆனால் பட்டம் பெறும் வரை கூட வரும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பல்கலைக்கழக மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். மறைத்த நோய்க்கு எவரும் அறை மாற்றித் தர முடியாது. பிள்ளை போகும் முன், அவளுடைய கிளினிக் கொப்பியின் பிரதியையும் மருந்துகளின் பெயரையும் அவள் கையில் கொடுத்து, அறைத் தோழி இருவரிடம் விடயத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் உபவேந்தர்களுக்கும் கேட்பது இதுதான்: அடுத்த தொகுதி மாணவர் விடுதிக்குள் வருவதற்கு முன்னர், மருத்துவப் படிவத்தை விடுதி ஒதுக்கும் அதிகாரியின் மேசையில் வையுங்கள், மூச்சுநோய் உள்ள பிள்ளைகளின் கட்டிலை முதலில் ஒதுக்கிவிட்டு மற்றவர்களுடையதை ஒதுக்குங்கள்.